அறவோர் படியிறங்கிய புதன்கிழமை

வானொலி நிலையக் கட்டடத்தின் லிஃப்டுக்கு நான்கு ரோப். புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மொட்டைமாடி எந்திர அறையில் டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக்குக்கு, அதில் மூன்று ரோப்பின் இழைகள் பிய்ந்து பழைய துடைப்பம் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ரோப் அறுந்தால் லிஃப்டைப் பிடித்து நிறுத்த வேண்டிய அவசர பிரேக்கைத் தட்டிப் பார்த்தான். அது துருவேறி இறுகிப்போயிருந்தது. பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவன் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "அப்ப இது எதுலதான் தொங்கிக்கிட்டிருக்கு?" என்று வாய்விட்டே கேட்டான்.

உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். போன வருஷம் ஒரு துணிக்கடையில் அவன் அப்படித்தான் செய்தான். கடைக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டார். கம்பெனி இவனை ஒரு மாதம் வீட்டில் உட்கார வைத்தது. திரும்பச் சேர்த்துக்கொண்டபோது, வாடிக்கையாளரின் கையெழுத்து இல்லாமல் இனி எந்த லிஃப்டையாவது நிறுத்தினால் வேலை போய்விடும் என்று எழுதி வாங்கிக்கொண்டது. அதற்கென்றே ஒரு மஞ்சள் படிவம் உண்டு. அதில் கையெழுத்து வாங்கிவிட்டு நிறுத்தலாம், வாங்காமல் தொடக்கூடாது.

யாருக்கு வந்த விருந்தோ என்று இருந்துவிடவும் முடியாது. அவனுடைய சொந்த அக்கா அந்தக் கட்டடத்தில்தான் பதினாறு வருஷமாகத் துப்புரவு வேலை பார்க்கிறாள். இரண்டு முட்டியும் தேய்ந்தவள். வாளி வண்டியைத் தள்ளிக்கொண்டு நாளைக்கு இருபது தடவை அந்த லிஃப்டில் ஏறி இறங்குகிறவள்.

மஞ்சள் படிவத்தோடு அவன் முதலில் போனது தரைத்தளத்து நிர்வாக அதிகாரியிடம். அதிகாரி படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னைக்குப் புதன். பதிவு நாள். அஞ்சாவது மாடிக்குப் பெரியவங்க வர்ற நாள்ல லிஃப்டை நிறுத்தணும்னு வந்து நிக்கறீங்க. அந்த மாடி நிகழ்ச்சி இயக்குநர் முதல்ல போடட்டும், அப்புறம் நான் போடறேன்."

"அதுக்குள்ள ரோப் அறுந்துட்டா சார்?"

"அறுந்தா வந்து சொல்லுங்க. அதுக்குத் தனிப் படிவம் இருக்கு" என்றார் அதிகாரி, மிகவும் அன்பாக.

நாலாவது மாடிப் படிக்கட்டருகே அக்கா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னான். கையெழுத்து விழும்வரை லிஃப்டில் காலை வைக்காதே என்றும் சொன்னான்.

"இதுக்குப் போய் ஏன்டா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற? இந்த ஆபீஸ்காரனுக்கு என்ன தெரியும்? நேரா அஞ்சாவது மாடிக்குப் போ. முப்பத்தொரு வருஷமா நல்லது கெட்டது மட்டுமே பேசறவங்கடா அவங்க. பதினாறு வருஷமா நான் அவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டுதான் தரை துடைக்கறேன். அவங்க சொன்னாச் சரியா இருக்கும்."

நிகழ்ச்சியின் பெயர் 'நன்மை தீமை நாற்பது நிமிடம்'. ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு. மூன்று சமயத்தைச் சேர்ந்த மூன்று பெரியவர்களும், எந்தச் சமயத்தையும் சேராத ஒரு நீதிநெறிப் பேராசிரியரும் கூடி, வாரம் ஒரு கேள்வியைப் பிழிந்து காயப்போடுவார்கள். கட்டடம் முழுக்க நடைபாதையில் ஒலிபெருக்கி வைத்திருந்ததால் தப்பிக்க வழியில்லாதவர்கள் எல்லாரும் அதன் நேயர்கள் என்று கணக்கெடுக்கப்பட்டிருந்தார்கள்.

நிகழ்ச்சி இயக்குநர் அறையில் ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரே புத்தகம் அடுக்கடுக்காக நின்றது. முப்பதாம் ஆண்டு நிறைவுக்கு அடித்த சிறப்பு மலர். தொள்ளாயிரம் பக்கம், கெட்டி அட்டை. விற்றது போக மீதி என்று சொல்வதற்கில்லை, விற்கவே இல்லை. இரண்டு மலர் மேஜைக்கு முட்டுக் கொடுத்திருந்தன. ஒன்றின்மேல் இயக்குநர் கால் வைத்திருந்தார்.

"வாருங்கள், அமருங்கள்" என்றார் இயக்குநர். முன்னால் மைக் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலவே பேசுகிறவர். ஆனால் காரியம் என்று வந்தால் குரல் தரைக்கு இறங்கிவிடும். "நிறுத்தலாமா கூடாதா, ஆமாவா இல்லையா. அதானே கேக்கறீங்க?"

"ஆமா சார். கீழ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"நண்பரே, முப்பத்தொரு வருஷம். ஆயிரத்து அறுநூறு நிகழ்ச்சி. ஒரு கேள்விக்காவது ஆமான்னோ இல்லைன்னோ நாங்க சொன்னதுண்டா? ஆரம்ப காலத்துல ஒருத்தர் வாய் தவறி, 'பொய் சொல்லக்கூடாது'ன்னு ஒலிபரப்புலயே சொல்லிட்டார். எந்தச் சூழ்நிலையில, யார்கிட்டன்னு சேர்க்காம விட்டுட்டார். மூணு மாசம் விசாரணை நடந்தது. கடைசியில அவரைப் பயிர்ப் பாதுகாப்பு நிகழ்ச்சிக்கு மாத்திட்டாங்க. அங்கே திட்டவட்டமாப் பேசலாம், பூச்சி வந்து கேக்காது."

மெக்கானிக் படிவத்தை நீட்டியபடியே நின்றான். இயக்குநரின் பார்வை படிவத்தில் விழவில்லை, அவன் கையிலிருந்த கிரீஸ் கறையில் விழுந்தது. முகம் மலர்ந்தது. வாரா வாரம் நிகழ்ச்சியில் ஒரு சாமானியர் வந்து கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. இந்த வாரச் சாமானியருக்குக் காய்ச்சல் என்று காலையில்தான் தகவல் வந்திருந்தது.

"உங்க கேள்வியை உள்ளே வந்து கேளுங்க. நாலு பெரியவங்க இருக்காங்க, கலந்து பேசட்டும். பதிவு முடிஞ்ச கையோட உங்க படிவத்தைப் பார்த்துடலாம்."

நாற்பது நிமிஷம். அக்கா சொன்ன அதே பெரியவர்கள். கேட்டுவிட்டால்தான் என்ன என்று அவனுக்கும் தோன்றியது, தலையாட்டிவிட்டான். "பெரியவங்களை மட்டும் படியில வரச் சொல்லுங்க சார்" என்றான். அதற்குள் வெளியே லிஃப்ட் கிறீச்சிட ஆரம்பித்திருந்தது.

அவன் ஓடிப்போய்க் கதவருகே நின்றான். ரோப்பின் முனகல் ஒவ்வொரு மாடியாக மேலே வந்தது. ஐந்தில் நின்று கதவு திறந்தது. உள்ளே நான்கு பேர்: நீண்ட கறுப்புக் குடையோடு ஒருவர், சால்வையோடு ஒருவர், இருமிக்கொண்டே ஒருவர், பேராசிரியர். யாரும் இறங்கவில்லை.

"என்ன சார், வெளிய வாங்க! சீக்கிரம்!"

"இந்த வாரம் யார் முதலில் இறங்குவது?" என்று கேட்டார் குடைக்காரர்.

சமயங்களுக்குள் ஏற்றத்தாழ்வு வந்துவிடக்கூடாது என்பதற்காக முதலில் இறங்குகிறவர் வாரா வாரம் மாற வேண்டுமாம். அந்தப் பட்டியல் சமன் அலுவலர் என்ற அம்மாளிடம் இருந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைத் தேடிப் பட்டியலைப் பிரிப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. யாரோ கீழே பொத்தானை அழுத்த, நான்கு பேரும் தரைத்தளத்துக்குப் போய்விட்டுத் திரும்ப வந்தார்கள். இரண்டாவது தடவை, போன வாரம் விடுமுறை என்பதால் முறை யாருடையது என்று சால்வைக்காரர் ஐயம் கிளப்பினார். கதவு மறுபடியும் மூடியது. மூன்றாவது தடவை மெக்கானிக் காலைக் குறுக்கே வைத்து, கையைப் பிடித்து இழுத்து நால்வரையும் இறக்கினான். யாரை முதலில் இழுத்தான் என்பதைச் சமன் அலுவலர் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

பதிவு அறைக்குள் நான்கு நாற்காலிகளும் ஒரே உயரம் என்று அளந்து முத்திரை குத்தியிருந்தது. மெக்கானிக்குக்கு முக்காலி. கை கழுவிவிட்டு வந்தவனைப் பார்த்து இயக்குநர் பதறிப்போனார்.

"கிரீஸ் எங்கே? திரும்பப் பூசிக்கிட்டு வாங்க!"

"ரேடியோதானே சார். யாரு பார்க்கப் போறாங்க?"

"குரல்ல தெரியும்" என்றார் இயக்குநர். பிறகு கேள்வியை எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவன் எழுதினான்: 'இந்தக் கட்டடத்து லிஃப்ட் ரோப் அறுந்துபோகிற நிலையில் இருக்கிறது. நிறுத்தலாமா?'

இயக்குநர் பென்சிலை எடுத்தார். 'இந்தக் கட்டடம்' என்றால் நிலையத்துக்கு அவப்பெயர், அடித்தார். 'லிஃப்ட்' என்றால் யாரோ வியாபாரிக்கு விளம்பரம், 'மேலேறும் சாதனம்' என்று மாற்றினார். ஞாயிறு காலை எட்டு மணி ஜனங்கள் பலகாரம் சாப்பிடுகிற நேரம், 'அறுந்துபோகும்' என்று கேட்டால் தொண்டையில் சிக்கும் என்று சமன் அலுவலர் சொன்னார். அது 'சிற்சில நெருக்கடிகள்' ஆனது. 'நிறுத்தலாமா' என்பது ஆமா இல்லையா என்ற பதிலை எதிர்பார்க்கிற முரட்டுச் சொல் என்பதால் முழுசாக வெளியேற்றப்பட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான பிறகு அவன் கைக்குத் திரும்பி வந்த தாளில் இப்படி இருந்தது: 'மேலேறும் மனிதனுக்குச் சிற்சில நெருக்கடிகள் நேர்கின்றன. அவன் என் செய்வான்?'

"இதைத்தான் நான் கேட்டேனா?"

"இதைத்தான் நீங்க கேக்க வந்தீங்க. உங்களுக்கே தெரியல. தட்டுத்தடுமாறிப் படிங்க, சாமானியர் ரொம்பத் தெளிவாப் பேசினா நேயர்கள் நம்பமாட்டாங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது. சாமானியருக்கு இரண்டு நிமிஷம். தடுமாற்றமும் அதில் சேர்த்தி. அவன் தாளைப் படித்துவிட்டு, மூன்று ரோப் பிய்ந்திருப்பதையும் சேர்த்தே சொன்னான்.

குடைக்காரர் முதலில் பேசினார். "அறுந்தது எது? கயிறா, கயிறு அறுந்தது என்று எண்ணுகிற மனமா? மனத்தைச் சீர்செய்தவனுக்குக் கயிறே தேவையில்லை." சால்வைக்காரர் அதை முழு மனத்தோடு வரவேற்று, முழு மனத்தோடு மறுத்தார். "எங்கள் திருநூலில் மேலேறும் சாதனம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சொல்லாமல் விட்டதும் ஒரு செய்திதான். அது என்ன செய்தி என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை." இருமல்காரர் தம் எட்டு நிமிஷத்தில் மூன்றை இருமலில் செலவிட்டார். அந்த மூன்றைத் திருப்பித் தர வேண்டுமா என்பதற்காகப் பதிவு நிறுத்தப்பட்டு, இருமல் சமயச் சார்பற்றது என்று சமன் அலுவலர் தீர்ப்பளித்தார்.

பேராசிரியர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "ஒரு கற்பனை. உள்ளே ஐந்து பேர் இருக்கிறார்கள். வெளியே ஒருவர். ஐவரைக் காக்க அந்த ஒருவரை..."

"உள்ள ஒருத்தர் இருந்தாலே அறுந்துரும் சார்" என்றான் மெக்கானிக். "இப்ப என் அக்கா..."

மணி அடித்தது. அவனுடைய இரண்டு நிமிஷம் முடிந்துவிட்டதாம்.

பாதியில் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிஷம் விட்டார்கள். விளக்கு அணைந்தது. மைக் மூடியிருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுப் பேராசிரியர் குனிந்து கேட்டார்.

"ஏம்ப்பா, நிஜமாவே மூணு ரோப்பா?"

"மூணு சார். பிரேக்கும் பிடிக்காது. காலையில நீங்க மூணு தடவை போய் வந்தீங்களே, அது உங்க நல்ல நேரம்."

நான்கு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். குடைக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். இருமல்காரருக்கு இருமல் நின்றுபோனது. அப்பாடா, ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று மெக்கானிக்குக்குச் சந்தோஷமாக இருந்தது.

விளக்கு மறுபடி எரிந்ததும் குடைக்காரர், உடல் என்பது இன்று போனால் நாளை வேறு, அதற்காக அஞ்சுவது அறிவின்மை என்று ஆரம்பித்தார். குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அது பக்தி என்று இயக்குநர் குறித்துக்கொண்டார். மற்றவர்களும் பயமின்மையைப் பற்றிச் சுருக்கமாக, வழக்கத்தைவிட வேகமாகப் பேசி முடித்தார்கள். கடைசியில் இயக்குநர் முப்பத்தொரு வருஷமாகச் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னார்: "விடை உங்களுக்குள்ளேயே இருக்கிறது. சிந்தியுங்கள், நேயர்களே!"

விளக்கு அணைந்த மறுநொடி நாற்காலிகள் காலியாயின. யார் முதலில் என்று எவரும் பட்டியல் கேட்கவில்லை.

மெக்கானிக் படிவத்தை நீட்டினான். 'லிஃப்டை நிறுத்த ஒப்புதல்: ஆம் / இல்லை' என்ற வரியை இயக்குநர் நெடுநேரம் பார்த்தார். ஆம் என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். மெக்கானிக்குக்கு உயிர் வந்தது. பிறகு அவர் இல்லை என்பதைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டார். இரண்டும் ஒரே அளவாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

"சார், இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"சிந்தியுங்கள்" என்றார் இயக்குநர். சாமானியருக்கான அன்பளிப்பு என்று ஒரு சிறப்பு மலரையும் எடுத்துக் கையில் திணித்தார். அது செங்கல் கனம் கனத்தது.

அவன் வெளியே வந்தபோது நடைபாதையில் பெரியவர்களைக் காணோம். லிஃப்ட் அங்கேயே, ஐந்தாவது மாடியில், திறந்த கதவோடு காத்திருந்து, யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு நாலாவது மாடிக்கு இறங்கியது. யாரோ கீழே பொத்தான் அழுத்தியிருக்கிறார்கள். படிக்கட்டின் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். ஒரு மாடி கீழே, நான்கு பேரும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே, லிஃப்ட் வாசலில், வாளி வண்டியோடு அக்கா.

"என்னங்க எல்லாரும் படியில?" என்று அக்கா கேட்பது கேட்டது. "லிஃப்ட் நின்னுடுச்சா?"

"இல்லையே, ஓடுதே" என்றார் குடைக்காரர். "டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கார்."

"எனக்கும்தான்" என்றார் சால்வைக்காரர். இருமல்காரர் தலையாட்டினார். ஆயிரத்து அறுநூறு கேள்விகளில் ஒன்றில்கூட ஒத்துப்போகாத நான்கு பேருக்கும் அன்றைக்கு டாக்டர் ஒருவராகவே இருந்தார்.

"என் தம்பி உங்ககிட்ட வந்து கேட்டானே, ரோப்பைப் பத்தி. நீங்க என்னங்க சொன்னீங்க? ஏறலாம்தானே?"

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியர்தான் வாயைத் திறந்தார். "ரொம்ப ஆழமாப் பேசியிருக்கோம்மா. ஞாயித்துக்கிழமை கேளு. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த படிக்கு இறங்கிவிட்டார்.

அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. பதினாறு வருஷ நம்பிக்கை. "நல்லதுங்க" என்று கும்பிட்டுவிட்டு வண்டியைத் தள்ளினாள்.

மெக்கானிக் எத்தனை படியைத் தாண்டிக் குதித்தான் என்று அவனுக்கே தெரியாது. "அக்கா! ஏறாதே!" என்று கத்தியது கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். அவன் போய்ச் சேரும்போது வண்டியின் முன்சக்கரம் உள்ளே இருந்தது, அக்காவின் ஒரு கால் வாசலில் இருந்தது, லிஃப்ட் ஒரு முறை உதறி அரையடி கீழே தாழ்ந்தது. அக்காவின் முழங்கையைப் பிடித்து இழுத்தான். வண்டியை இழுத்தான். தண்ணீர் கொட்டி இருவரும் தரையில் விழுந்தார்கள். கதவு மூட ஆரம்பித்ததும் கையிலிருந்த சிறப்பு மலரை அதன் குறுக்கே செருகினான். கதவு வந்து முட்டியது, திறந்தது, மறுபடி வந்து முட்டியது, திறந்தது. கதவு மூடாமல் லிஃப்ட் நகராது. தொள்ளாயிரம் பக்கமும் அசையாமல் நின்றது. அந்த நூலால் ஒருவர் பயனடைந்ததாகக் கிடைக்கும் முதல் தகவல் இதுதான்.

அக்கா ஈரப் புடவையோடு எழுந்துபோய் உச்சிப்படியில் உட்கார்ந்தாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டே கீழே பார்த்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு குடை, ஒரு சால்வை, இரண்டு வழுக்கைத் தலை தெரிந்தன. மேலே இவ்வளவு சத்தம் கேட்டும் ஒருவரும் நிமிரவில்லை. வேகம்தான் கூடியது.

"அவங்களுக்குத் தெரியும் இல்ல?" என்றாள்.

"தெரியும்க்கா. பாதியிலயே சொல்லிட்டேன்."

அக்கா அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: ஒப்புதல் இல்லாமல் லிஃப்டை நிறுத்தியது ஏன்? அவன் பதில் எழுதினான்: 'நான் லிஃப்டை நிறுத்தவில்லை. வாசலில் ஒரு புத்தகம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஓடும்.' கம்பெனி இதை நிலையத்துக்கு அனுப்பியது. எடுத்துவிடுவதற்கு நிர்வாக அதிகாரி ஆளோடு வந்தார். வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. மலரில் மூன்று சமயத்தின் திருநூல் வரிகளும் அச்சாகியிருக்கின்றன. காலால் தள்ள முடியாது. கையால் எடுப்பதென்றால், எந்தச் சமயத்தவர் முதலில் தொடுவது? சமன் அலுவலர் பட்டியலைப் பிரித்தார். அதில் லிஃப்டிலிருந்து இறங்கும் வரிசை இருந்தது, புத்தகம் எடுக்கும் வரிசை இல்லை. பெரியவர்களையே அழைத்துத் தீர்மானிக்கலாம் என்றால், நாலு மாடி படியேற எங்களால் ஆகாது என்று நால்வரும் எழுதியனுப்பினார்கள். டாக்டர் இறங்கத்தான் சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

நிகழ்ச்சிப் பதிவு நின்றது. முப்பத்தொரு வருஷ அறத்துக்கு இடையூறு என்று கோப்பில் சிவப்பு மையால் எழுதப்பட்டது. மனிதர்கள் விழுவார்கள் என்றபோது கிடைக்காத கையெழுத்துகள் ஏழு, ஒரே பிற்பகலில் விழுந்தன. பதினோராம் நாள், ஒரு சனிக்கிழமை, புது ரோப் நான்கும் புது பிரேக்கும் வந்து இறங்கின.

மெக்கானிக் விடிய விடிய வேலை செய்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டி முடித்தான். ஓட்டிப் பார்ப்பதற்கு வாசலில் இருந்த மலர்தான் தடை. அக்கா வந்தாள், குனிந்தாள், மற்ற குப்பையை எடுப்பதுபோலவே அதை எடுத்து, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, வண்டியின் அடித்தட்டில் போட்டாள். எந்தச் சமயமும் புண்படவில்லை.

"ஏறலாமாடா?" என்று கேட்டாள்.

"ஏறலாம்க்கா."

"ஆமான்னு ஒரு வார்த்தை. இதுக்கு எவ்வளவு நேரமாச்சு, பாரு" என்றாள் அக்கா.

அப்போது மணி எட்டு நாற்பது. புதுப் பதிவு இல்லாததால் நடைபாதை ஒலிபெருக்கியில் போன வார நிகழ்ச்சியே மறுபடி ஓடி முடிந்துகொண்டிருந்தது. மேலேறும் மனிதனின் சிற்சில நெருக்கடிகள். மெக்கானிக்கின் குரல் அதில் எங்குமே வரவில்லை, வெட்டிவிட்டிருந்தார்கள். இயக்குநரின் குரல் மட்டும் கனிந்து ஒலித்தது: "விடை உங்களுக்குள்ளேயே இருக்கிறது. சிந்தியுங்கள், நேயர்களே!"

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பதினாறு வருஷமாகத் தூசி மட்டுமே தட்டி வந்த ஒலிபெருக்கிக் குமிழை எட்டிப் பிடித்தாள்.

"சிந்திச்சாச்சு" என்று சொல்லித் திருகி அணைத்தாள்.